இடது முன்சக்கரம் மட்டும் சூடாவது: ஹோஸா, பின்னா, பிஸ்டனா?

வணக்கம் நண்பரே. புதுச்சேரி போய்விட்டுக் கடலூர் திரும்பினால் இடது முன்சக்கரம் மட்டும் கொதிக்கிறது, கருகல் வாடை வருகிறது, புது பேட் போட்டும் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிரேக் விடாமல் பிடிக்கிறது. சரிசெய்யும்வரை தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் கொடுத்து, பிரேக்கை மிதித்து விட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரின் (பேடைத் தட்டின்மேல் அழுத்தும் பாகம்) பிளீடர் நிப்பிளை, அதாவது ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் சின்னத் திருகை, லேசாகத் திறவுங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சியதும் சக்கரம் விட்டுவிட்டால் காலிபரில் குறையில்லை. காலிபருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதி ஆயிலைத் திரும்ப விடவில்லை, அதை மாற்ற வேண்டும். அப்போதும் விடவில்லையா? காலிபர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின், அல்லது பேடைத் தள்ளும் பிஸ்டன் சிக்கியிருக்கிறது.

எங்கள் வீடு தேவனாம்பட்டினம். உப்புக்காற்று எதையும் விடாது. என் வண்டியில் கீழ்ப் பின்னின் ரப்பர் உறையில் நகக்கண் அளவு கிழிசல்தான். உள்ளே கிரீஸ் துருவோடு சேர்ந்து செம்மண் சேறுபோல் கெட்டியாகிக் கிடந்தது. லேசான துரு என்றால் நைசான உப்புத்தாளால் தேய்த்து, பிரேக் கிளீனரில் கழுவி, சிலிகான் கிரீஸ் தடவி, புது உறை போடுங்கள். சாதாரண பேரிங் கிரீஸ் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பின்னில் குழி விழுந்திருந்தால் பின்னையே மாற்றுங்கள். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் வெறும் சீல் கிட் (ரப்பர் வளையங்கள்) மாற்றினால் நிற்காது.

அப்புறம், கழற்றிய காலிபரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். பூட்டியதும் பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி, பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.