தூக்கத்தில் பல் கடிப்பவருக்குக் கார்டு (பல்லைக் காக்கும் உறை) மட்டும் போதுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறார். அந்தச் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காலையில் தாடை வலியும் தலைவலியுமாக எழுந்திருக்கிறார். ஆன்லைனில் வாங்கிய ரப்பர் கார்டை வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்திக்கொண்டார். மூன்றே மாதத்தில் அதில் ஓட்டை விழுந்துவிட்டது. பல் கடிக்கும்போது லேசாக மின்தூண்டல் கொடுத்து நிறுத்தும் கருவி இருக்கிறதாமே, வாங்கலாமா? குறட்டையும் விடுவார், அது எனக்குப் பழகிவிட்டது. வயிற்றில் பூச்சி இருக்கும் என்கிறார் மாமியார்.

பதில்: பூச்சி மருந்து கொடுத்தால் பல் கடிப்பது நிற்காது. பூச்சிதான் காரணம் என்பதற்குச் சரியான சான்று இல்லை. உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்ட குறட்டைதான் என்னை நிறுத்தியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தூக்கத்தில் பல் கடிப்பது பல்லில் தொடங்கும் விஷயம் இல்லை. தூக்கத்தின் நடுவே மூளை சில நொடிகள் மட்டும் லேசாக விழித்து மறுபடி தூக்கத்துக்குள் போகும். தூங்குபவருக்கு இது தெரியாது. முதலில் மூளை அலைகள் மாறும், இதயத் துடிப்பு கூடும், அப்புறம்தான் தாடைத் தசை இறுகும். கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வாளர் ழில் லவீன் குழுவினர் தூக்க ஆய்வகத்தில் இந்த வரிசையைப் பதிவு செய்து காட்டினார்கள். அதனால் பல்லை ராவிச் சமப்படுத்தினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ராவிய எனாமல் மறுபடி வளராது.

கார்டின் வேலை பல்லைக் காப்பது. பல் கடிப்பதை அது நிறுத்துவதில்லை. போட்ட புதிதில் சிலருக்குத் தசை இறுக்கம் குறையும், சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். கடிக்கிற விசை பல்லில் விழாமல் கார்டில் விழுவதே பெரிய லாபம்தான். ஆனால் மெத்தென்ற ரப்பர் கார்டு உங்கள் கணவர் போல ஓங்கிக் கடிப்பவருக்குச் சரிவராது. மென்மையாக இருப்பதாலேயே சிலர் அதை இன்னும் மெல்லத் தொடங்குவார்கள். பல் மருத்துவரிடம் அளவெடுத்து, ஒரு தாடையின் எல்லாப் பற்களையும் மூடுகிற கெட்டியான அக்ரிலிக் ஸ்பிளிண்ட் செய்வதுதான் நல்லது. முன்பற்களை மட்டும் மூடுகிற சின்னக் கருவிகளும் உண்டு. அவற்றை நாள்கணக்கில் போட்டால் கடைவாய்ப் பற்கள் மேலெழும்பி, கடியே மாறிப்போகலாம். தூக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது.

சரி, மின்தூண்டல் கருவி. இதில் ஒரு வகை, நெற்றிப்பொட்டில் ஒட்டிய உணரி மூலம் தசை இறுகுவதைக் கண்டுபிடித்து அங்கேயே லேசான மின்துடிப்பு கொடுக்கும். தாடை மூடும் தசை ஒரு கணம் அடங்கும். அளவு சரியாக இருந்தால் தூக்கம் கலையாது. இன்னொரு வகை, பல்லில் போடும் கார்டுக்குள்ளேயே அழுத்தத்தை உணர்ந்து அதிரும். முன்பு சத்தம் எழுப்பி எழுப்பிவிடும் கருவிகளும் இருந்தன. பல் கடிப்பது குறைந்தாலும் தூக்கம் கெட்டது. மின்தூண்டல் போட்டிருக்கும் இரவுகளில் தசை இறுகும் எண்ணிக்கை குறைவது ஆய்வுகளில் தெரிகிறது. கழற்றிவிட்டால் பழைய நிலைக்கே திரும்புகிறது. வலி குறைகிறதா என்பதில் முடிவுகள் அவ்வளவு உறுதியாக இல்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. முதல் வேலையாக இதை வாங்க நான் சொல்லமாட்டேன். ஸ்பிளிண்ட் போட்டும் தாடை வலி அடங்கவில்லை என்றால், மருத்துவர் மேற்பார்வையில் முயன்று பார்க்கலாம்.

இப்போது குறட்டைக்கு வருவோம். குறட்டை, காலைத் தலைவலி, பல் கடிப்பு மூன்றும் ஒருவருக்கே இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். இரவில் குறட்டை திடீரென நின்று, சற்று நேரம் கழித்துத் திணறி மூச்சிழுக்கிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண்ணயர்கிறாரா? ரத்த அழுத்தம் எவ்வளவு? காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ காட்டித் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். ஸ்பிளிண்ட் செய்வதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. மூச்சுத்தடை உள்ள 10 பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வில், மேல்தாடையில் சாதாரண ஸ்பிளிண்ட் போட்டபோது 5 பேருக்கு மூச்சுத்தடை கூடியது. மூச்சுத்தடை உறுதியானால் கீழ்த்தாடையை முன்னால் நகர்த்திப் பிடிக்கும் வேறு கருவியோ, காற்றழுத்த முகமூடியோ தேவைப்படலாம். அப்போது பல் கடிப்பதும் சிலருக்குக் குறைகிறது.

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கிறாரா என்றும் கேட்டுவையுங்கள். ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்றவை சிலருக்குப் பல் கடிப்பைத் தூண்டும். எடுத்துக்கொண்டிருந்தால் தானாக நிறுத்த வேண்டாம், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மாலைக்கு மேல் காபி, இரவில் மது, சிகரெட் மூன்றும் இதைக் கூட்டும்.

பல் மருத்துவரிடம் போகும்போது ஓட்டை விழுந்த அந்தக் கார்டையும் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது அவருக்கு உதவும்.