ஜிஏபிடிஎச் ஏறுகிறதா? பிப்பெட்டைத் திட்டாதீர்கள்

கேள்வி: ரத்தக்குழாய் உட்சுவர் செல்களை 1% ஆக்ஸிஜனில் 24 மணி நேரம் வைத்து க்யூபிசிஆர் (ஒரு மரபணுவின் ஆர்என்ஏ படி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) ஓட்டினேன். மாறாது என்று நம்பி கன்ட்ரோலாக வைத்த ஜிஏபிடிஎச் மரபணுவின் சிடி மதிப்பே (இது குறைந்தால் படி கூடுதல் என்று அர்த்தம்) 1.5 குறைந்து வருகிறது. மூன்று தடவையும் இதே கதைதான். பிப்பெட்டில் திரவம் அளந்ததில் பிழையா?

பதில்: பிப்பெட்டிங் பிழை என்றால் ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும். மூன்று தடவையும் ஒரே பக்கம் சாய்கிறது, ஆர்என்ஏவும் சம அளவில்தான் எடுத்தீர்கள் என்றால், செல் உண்மையிலேயே அந்த மரபணுவைக் கூடுதலாகப் படிக்கிறது. ஒரு சிடி என்றால் இரண்டு மடங்கு, 1.5 சிடி என்பது ஏறக்குறைய 2.8 மடங்கு, சின்ன விஷயமில்லை.

ஜிஏபிடிஎச் ஒரு ஹவுஸ்கீப்பிங் மரபணு. அப்படி என்றால் எல்லாச் செல்லிலும் ஓடுகிறது என்று அர்த்தம், எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. வேகத்தை வைப்பது புரொமோட்டர், அதாவது படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ பகுதி. இந்த வகை மரபணுக்களில் பெரும்பாலானவற்றின் புரொமோட்டர் சிபிஜி தீவுக்குள் இருக்கும், அதாவது சி-க்கு அடுத்து ஜி என்ற ஜோடி நெருக்கமாகக் கிடக்கும் பகுதி, அங்கே மெத்தில் பூட்டு (மரபணுவை அடக்கும் வேதிக்குறி) விழுவதில்லை. டாடா பெட்டி (தொடங்கும் இடத்தைக் காட்டும் டி-ஏ எழுத்துத் தொடர்) பெரும்பாலும் இருக்காது. டாடா பெட்டி இருந்தால் அதற்குச் சுமார் 30 எழுத்து தள்ளி ஒரே இடத்தில் படியெடுப்பு தொடங்கும், இங்கேயோ பல எழுத்துகளுக்குப் பரவலாக எங்கிருந்தும் தொடங்கும். எஸ்பி1, என்ஆர்எஃப்1 மாதிரி எல்லாச் செல்லிலும் இருக்கிற புரதங்கள் வந்து உட்கார்ந்து கதவைத் திறந்தே வைத்திருக்கும்.

சரி, கதவு திறந்திருந்தால் கூடுதல் ஆளும் உள்ளே வரலாம், இல்லையா? ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, மரபணுக்களை முடுக்கிவிடும் ஹிஃப்-1 ஆல்ஃபா புரதத்தைச் செல் உடனுக்குடன் அழித்துவிடும். 1 சதவீதத்தில் அது தங்கிவிடுகிறது, ஏசிஜிடிஜி அல்லது ஜிசிஜிடிஜி என்ற எழுத்துகளைத் தேடிப் பிடித்து அமர்கிறது. ஜிஏபிடிஎச் புரொமோட்டரில் அதற்கு இடம் உண்டு. குளுக்கோஸை உடைக்கும் பாதையின் நொதி அல்லவா, மூச்சுத் திணறும் செல்லுக்கு அதுதானே சோறு. பிஜிகே1 என்ற மரபணுவும் அதே பாதை, அதையும் கன்ட்ரோலாக எடுக்காதீர்கள்.

(இன்னொரு வழக்கமான கன்ட்ரோலான பீட்டா ஆக்டின் பக்கம் ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் புரொமோட்டரில் எஸ்ஆர்எஃப் என்ற புரதம் அமரும் இடம் இருக்கிறது, செல்லுக்கு ஊட்டும் சீரம் இல்லாமல் வைத்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால் எகிறும்.)

இதை அப்படியே விட்டால் என்ன ஆகும்? நீங்கள் அளக்க வந்த மரபணு விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளரத் தூண்டுவது), அதன் சிடி 2.5 குறைந்தது என்று வையுங்கள், உண்மையில் சுமார் 5.7 மடங்கு உயர்வு. அதிலிருந்து ஜிஏபிடிஎச்சின் 1.5-ஐக் கழித்தால் வெறும் 2 மடங்கு என்று எழுதுவீர்கள்.

சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டாம், மிச்சமிருக்கும் சிடிஎன்ஏவிலேயே (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ படி) டிபிபி, ஆர்பிஎல்பி0 என்ற வேறு கன்ட்ரோல் மரபணுக்களையும் இன்னும் இரண்டு மூன்றையும் ஓட்டுங்கள். இரண்டு நிலையிலும் நகராதவை எவை என்று ஜிநார்ம் என்ற கணக்கு முறை காட்டும், 2002-இல் வந்த முறைதான், இன்றும் போதும். அப்புறம் அவற்றில் மூன்றின் பெருக்குச் சராசரியை எடுங்கள், எல்லாவற்றிலும் பெருக்குத்திறன் (ஒரு சுற்றில் டிஎன்ஏ பெருகும் விகிதம்) ஒரே மாதிரி இருந்தால் சிடிகளைச் சாதாரணமாகச் சராசரி எடுத்தாலே அதுதான் வரும். சூழல் மாறினால், உதாரணமாக நாளை இன்சுலின் சேர்த்தால், இந்தத் தேர்வை மறுபடி செய்ய வேண்டும்.