ஆன்லைன் வகுப்பில் கோலம், காவடி போன்ற அடையாளங்களை வைத்தால் மாணவர்கள் சேர்ந்து வேலை செய்வார்களா?

படமாக மட்டும் வைத்தால் ஒன்றும் நடக்காது. நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மொரீஷியஸில், ரோஸ்ஹில்லில் இருந்தபடி மாலையில் ஜூமில் தமிழ் சொல்லித் தருகிறேன். பதினான்கு பேர். எல்லார் வீட்டிலும் பேசுவது இந்த நாட்டுக் கிரியோல் மொழிதான். முதல் வருடம் முகப்பில் மயில், ஓரமெல்லாம் கோலம், வீட்டுப்பாடம் முடித்தவருக்கு ஒரு வேல் என்று அலங்கரித்தேன். குழு வேலை என்றால் அப்போதும் ஒருவர் எழுதுவார், மற்றவர்கள் கேமராவை அணைத்துவிடுவார்கள். போதாததற்கு ஒரு மாணவியின் அம்மா போன் செய்தார்: "பத்து நாள் விரதம் இருந்து கும்பிடுற வேலாயுதத்தை மார்க்குக்குக் கொடுக்கிறீங்களே, டீச்சர்." அவர் சொன்னது சரி. இங்கே 1998இல் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளியபோது கிளம்பிய எதிர்ப்பில், அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். அடையாளத்தைத் தொடும்போது இதெல்லாம் நினைவிருக்க வேண்டும்.

அப்புறம்தான் செத் காரி ஞாபகம் வந்தது. காவடி முடிந்ததும் வாழையிலையில் சோற்றோடு பரிமாறும் ஏழு கறி. கல்யாண வீட்டிலும் உண்டு. தமிழர் அல்லாதவர்களும் விரும்பிச் சாப்பிடுவது, அதனால் வகுப்பில் யாருக்கும் அந்நியமில்லை.

கூகுள் ஸ்லைடில் ஒரு வெற்று இலை வரைந்து, கறிக்கு ஒன்றாக அதன் பேரிலேயே ஏழு இடம் விட்டேன். ஏழு பேருக்கு ஓர் இலை. தலைப்பு, காவடி நாள். கொடியேற்றம் ஒருவருக்கு, விரதம் ஒருவருக்கு, காவடி கட்டுவது, பால் செம்பு, ஊர்வலம், அபிஷேகம், சாப்பாடு என்று ஆளுக்கொன்று. பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டுத் தமிழில் ஐந்து வரி எழுத வேண்டும். தேர்வில் ஏழிலிருந்தும் கேள்வி வரும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டினில் எலியட் ஆரன்சன் தொடங்கிய 'ஜிக்சா' முறைதான். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு மட்டும் இருக்கும், மற்றதை அடுத்தவரிடம்தான் கற்க வேண்டும். நான் அதை இலையில் பரிமாறினேன், அவ்வளவே.

மூன்றாம் நாள் ஓர் இலையில் பூசணிக்காய் இடம் மட்டும் காலி. நான் வாயே திறக்கவில்லை. வாட்ஸாப்பில் ஒரு பெண், "கோத் ஸிரோமோன்?" என்று கேட்டாள், பூசணிக்காய் எங்கே என்று. அன்றிரவே வந்துவிட்டது. 'உன் பகுதியை முடி' என்று நான் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்!

இந்த வருடம் இலையையும் அவர்களையே வரையச் சொன்னேன். ஒருவர் நுனியை வலப்பக்கம் போட்டுவிட்டார். அதற்கு அரை மணி நேரம் வாக்குவாதம், பாதி கிரியோலில், பாதி தமிழில். ஒரு கேமராகூட அணையவில்லை.