இராணுவ வீரனின் அம்மா அழக் கூடாதா?

ஐயா,

வணக்கம். நாங்கள் வேலூர் பக்கம். என் ஒரே மகன் ராணுவத்தில் நான்கு வருடப் பணிக்கு எடுக்கும் அக்னிவீரனாகச் சேர்ந்து இப்போது காஷ்மீரில் இருக்கிறான். பயிற்சி முடிந்து யூனிஃபார்மோடு ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தோம். ஆனால் என் மனைவி தினமும் அழுகிறாள். 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையின்போது அவனிடமிருந்து போன் இல்லை. இவள் டிவி முன்னாலேயே கிடந்தாள். "ராணுவ வீரனோட அம்மா அழலாமா, ஊர் என்ன நினைக்கும்" என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். அவளுக்குத் தைரியம் வருகிற மாதிரி நீங்கள் ஏதாவது எழுத வேண்டும். நான்கு வருடம் முடிந்த பிறகு அவனுக்கு என்ன வழி என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு பேட்ச்சில் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று பணி முடியும்போது மொத்தமாக ஒரு தொகை உண்டு, பென்ஷன் கிடையாது. சேரும்போதே இது உங்களுக்குத் தெரியும். மீதியை அவன் வந்த பிறகு அவனோடு பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவிக்குத் தைரியம் சொல்லி நான் எழுதப் போவதில்லை. அவருக்கு என்ன தைரியம் குறைந்துவிட்டது? ஒரே பிள்ளையை ரயிலேற்றிவிட்டு வந்து மறுநாள் காலையில் எழுந்து உலை வைத்தவர் அவர். ஊர் என்ன நினைக்கும் என்கிறீர்களே, எந்த ஊர்? உங்கள் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்கிறார்கள். முதல் உலகப் போர் காலத்திலிருந்து பட்டாளத்துக்கு ஆள் அனுப்புகிற ஊர். அங்கே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியிடமாவது போய், அழாமல் பிள்ளையை அனுப்பியது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

என் பெரியப்பா பட்டாளத்துக்காரர். சமீபத்தில் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியில் தாத்தா அவருக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. அவற்றைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் உங்கள் கடிதம் வந்தது.

முகவரியில் நம்பர், பெயர், கீழே '56 ஏபிஓ' என்று ராணுவத் தபால் நிலையத்தின் எண் மட்டும் இருக்கும். பிள்ளை இருக்கும் இடம் தாத்தாவுக்குத் தெரியாது. கடிதம் முழுக்க ஊர்ச் சமாச்சாரம்தான். மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் ஏறியது, கடலை இந்த வருடம் பரவாயில்லை. கடைசியில் எல்லாக் கடிதத்திலும் ஒரே வரி: 'உன் அம்மா உன்னைப் பார்க்க ஏங்குகிறாள்.' 1971 டிசம்பரில் எழுதியதில், 'உன் அம்மா ராத்திரியில் தூங்குவதே இல்லை.'

அது பொய். அந்த டிசம்பரில் நான் திண்ணையில் தாத்தா பக்கத்தில் படுத்துக்கொள்கிற பையன். 3-ஆம் தேதி தொடங்கி 16-ஆம் தேதி வரைக்கும் போர் நடந்தது. பாட்டி பகலெல்லாம் வருகிறவர் போகிறவரிடம் சொல்லி அழுவார், ராத்திரியானால் தூங்கிவிடுவார். தாத்தாதான் தூங்கவில்லை. ரேடியோவைக் காதோடு ஒட்டி, சத்தமே வராத அளவுக்குக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் புரண்டு படுத்தால் சட்டென்று அணைத்துவிட்டு, "தூங்குடா" என்று அதட்டுவார். விடிந்ததும் பாட்டியைப் பார்த்து, "பட்டாளத்துக்காரனைப் பெத்தவ அழலாமா" என்பார்.

பெரியப்பா பத்திரமாகத் திரும்பி வந்தார், பல வருடம் வேலை பார்த்து ரிட்டயரானார். அப்பா தன்னை நினைத்து ஒரு ராத்திரியாவது விழித்திருந்தார் என்பது கடைசி வரை அவருக்குத் தெரியாது. "எங்கப்பாவுக்கு நான் அனுப்புற மணியார்டர்தான் கண்ணுக்குத் தெரியும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இப்போது நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஃபிளெக்ஸ் வைத்தோம், மனைவி அழுகிறாள். நடுவில் நீங்கள் எங்கே? மே மாதம் அவன் போன் செய்யாத நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஃபிளெக்ஸைக் குறை சொல்லவில்லை, தாராளமாக வையுங்கள், பெருமைப்படவேண்டிய விஷயம்தான். பெருமை உங்கள் பங்கு, அழுகை அவர் பங்கு என்று பிரித்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். அவருக்கும் பெருமை இருக்கிறது. உங்களுக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அதை ஒப்புக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அந்த அம்மாள் தலையில் கட்டிவிட்டு, அழாதே என்று வேறு அதட்டுகிறீர்கள்.

டிவியை நிறுத்தச் சொல்லுங்கள், அது சரி. கராச்சித் துறைமுகத்தை அழித்தாயிற்று என்று அந்த மே மாதத்தில் நம் சேனல்கள் ராத்திரியெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்தன. பிள்ளையை எல்லையில் விட்டவர்கள் பார்க்கிற செய்தியா அது?

அடுத்த தடவை அவன் கூப்பிடும்போது, "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று போனைத் தள்ளிவிடாதீர்கள். எங்கே இருக்கிறாய் என்று கேட்கவேண்டாம், அவன் சொல்ல முடியாது. "எப்படா வருவே, உன்னைப் பாக்கணும்போல இருக்கு" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அக்னிவீரர்களுக்கு வருடத்துக்கு 30 நாள்தான் லீவு. வந்தவனைச் சொந்தக்காரர் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டாமல், வீட்டில் நன்றாகத் தூங்கவிடுங்கள்.