நடுவயதில் எந்தச் சத்து, யாருக்கு?

கேள்வி: எனக்கு வயது 49. சைவ உணவுதான். பல ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், தைராய்டு குறைவுக்கு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறேன். அண்மைக்காலமாக உள்ளங்காலில் மதமதப்பும் ஓயாத களைப்பும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த மகன் மல்டிவைட்டமின் டப்பா ஒன்றைக் கொடுத்துத் தினம் ஒன்று போடச் சொல்கிறான். அதையும் கால்சியம் மாத்திரையையும் காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: டப்பாவைத் திறக்கும் முன் ரத்தத்தில் வைட்டமின் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். மாத்திரையைத் தொடங்கிய பிறகு பரிசோதித்தால் அளவு சற்றே உயர்ந்து, உண்மையான குறைபாடு மறைந்துபோகக்கூடும். பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் போன்ற விலங்குவழி உணவுகளில்தான் என்பதால், சைவ உணவுக்காரர்களுக்குப் பாலும் தயிரும் தவிர வேறு வழி அதிகம் இல்லை. காபியில் கலக்கும் பாலும் நீர்த்த மோரும் அந்தக் கணக்கில் பெரிதாகச் சேராது. போதாக்குறைக்கு, நீண்டகாலம் சாப்பிடும் மெட்ஃபார்மின், குடல் இந்தச் சத்தை உறிஞ்சுவதைக் குறைக்கிறது. நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் போடுபவர்களுக்கும் இதே சிக்கல் வரலாம்.

கால் மதமதப்பு என்றாலே 'சர்க்கரைக்கு அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறார்கள். அது சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம், பி12 குறைவாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் பி12 குறைவு எளிதில் சரிசெய்யக்கூடியது என்பதாலும், நாள்பட விட்டால் நரம்புகள் முழுமையாக மீளாமல் போகலாம் என்பதாலும் அதை முதலில் தேடுவதே முறை. குறைவு உறுதியானால் ஊசியோ, அதிக அளவு மாத்திரையோ மருத்துவர் எழுதித் தருவார். சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் சிறு அளவு அதற்குப் போதாது. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது, காலையில் எல்லாவற்றையும் ஒரே வாயில் விழுங்குவது. தைராய்டு மாத்திரையைக் கால்சியமும் இரும்பும் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும்; மாத்திரை தவறாமல் சாப்பிட்டும் டி.எஸ்.ஹெச். (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) குறையவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் எடுத்துக்கொண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். கால்சியம், இரும்பு, தாதுக்கள் கலந்த மல்டிவைட்டமின் ஆகியவற்றுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் கார்பனேட் என்றால் மதிய உணவுக்குப் பிறகு எடுப்பது நல்லது. ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் எடுத்தால் உடல் முழுவதையும் ஏற்காது.

கால்சியம் மாத்திரை உங்களுக்குத் தேவையா என்பதே தனிக் கேள்வி. நாளுக்கு 1,000 மி.கி., மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மி.கி. என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் இருக்கிறது, 200 மி.லி. பாலில் ஏறத்தாழ 240 மி.கி. ஒரு வேளை கேழ்வரகு அடை, இரண்டு தம்ளர் பால், ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், கீரை என்று உண்பவர் மாத்திரையின்றியே இலக்கை நெருங்கிவிடுவார். பாலக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் உடலுக்கு விடுவதில்லை.

இரும்பைப் பற்றி ஒன்று. மாதவிடாய் நின்றபின் தேவை குறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஹீமோகுளோபின் இறங்கினால், இரும்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்காமல், வயிற்றிலோ குடலிலோ ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: வயது 52, நாள் முழுவதும் ஏசி அறையில் வேலை. வைட்டமின் டி 60,000 யூனிட், வாரம் ஒன்றாக 8 வாரத்துக்கு எழுதித் தந்தார்கள். நல்லதுதானே என்று ஓராண்டாகத் தொடர்கிறேன். தவறா?
- வாசகர், கோவை

பதில்: தவறுதான், இன்றே நிறுத்திவிடுங்கள். வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். கொழுப்பில் கரையும் டி உடலிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், மலச்சிக்கல், சிறுநீரகக் கல், சில சமயம் சிறுநீரகப் பழுது வரை கொண்டுபோய் விடும். வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பரிசோதித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். வெயிலைப் பொறுத்தவரை, காலை 7 மணி இளவெயிலால் பெரிய பயனில்லை. நண்பகலை ஒட்டிய வெயிலில், கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே, கையும் காலும் படும்படி சிறிது நேரம் நிற்க வேண்டும்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்குப் பொட்டாசியம் நல்லது என்று தினமும் இளநீர் குடிக்கிறேன், சோடியம் குறைந்த உப்புக்கும் மாறிவிட்டேன். தொடரலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: சிறுநீரகம் நன்றாக இருந்தால் இளநீரும் வாழைப்பழமும் நல்லவையே. ஆனால் ரத்த அழுத்தத்துக்குத் தரும் டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். நீங்கள் மாறியிருக்கும் உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பதும் பொதுவாகப் பொட்டாசியம் குளோரைடுதான். பொட்டாசியம் மிதமிஞ்சினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதால், மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் காட்டி, கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்தபின் தொடருங்கள். அதுவரை பழைய உப்பையே குறைத்துப் போட்டு, ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தள்ளி வையுங்கள்.