நிழல் வளவில் புள்ளி இலைச் செடிகள்: கேள்வி பதில்

ஆரையம்பதியிலிருந்து: ஐயா, மாமர நிழலில் வைத்த டிபன்பேக்கியாவின் இலையோரங்கள் கருகுகின்றன. வெயிலே படாத இடத்தில் இது எப்படி?

முதலில் சாடியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். சுண்ணாம்புப் பொடி போன்ற வெள்ளைப் படிவு விரலில் ஒட்டினால், இலையைக் கருக்கியது பெரும்பாலும் கிணற்றுநீரின் உப்புத்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணற்பாங்கான நம் கிழக்கிலங்கை ஊர்களில் கோடை முற்றும்போது பல கிணறுகள் உவர்க்கத் தொடங்கும். தினமும் ஒரு கிண்ணம் மட்டும் ஊற்றினால், நீர் ஆவியாகி உப்பு சாடியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே மேல்மண் சற்றுக் காய்ந்த பின், அடித்துளையால் வழிந்தோடும் வரை ஊற்றுங்கள். சேமித்த மழைநீர் இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றையும் மறக்க வேண்டாம். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வெப்பக்காற்றாக நம் பக்கம் இறங்கும் அதை மரநிழல் தடுக்காது. தென்மேற்குப் பக்கமாகக் கிடுகுத் தட்டி கட்டி, மண்ணின் மேல் தென்னந்தும்பு பரப்பித்தான் என் செடிகளைக் காத்து வருகிறேன்.

கல்முனையிலிருந்து: புதிய இலைகளில் வெண்புள்ளிகள் மங்கிப் பச்சையாகின்றன. பசளை குறைவா?

வெளிச்சம் குறைவு. வெண்புள்ளியில் பச்சையம் மிகக் குறைவு என்பதால், இருட்டில் நிற்கும் செடி கிடைக்கும் ஒளியை வீணாக்காமல் பச்சையைப் பெருக்கிக்கொள்கிறது. காலை வெயில் இலைகளினூடே சிதறி விழும் இடத்துக்கு மாற்றுங்கள். நண்பகல் வெயில் வெண்பகுதியைப் பொசுக்கிவிடும். மங்கிய பழைய இலைகள் மாறா, இனி வருபவையே தெளிவாக வரும்.

அக்கரைப்பற்றிலிருந்து: எங்கள் கலேடியம் ஆண்டுதோறும் மடிந்துவிடுகிறதே?

அது கிழங்குச் செடி. இலை உதிர்த்து உறங்குவது அதன் இயல்பு. ஆண்டு முழுவதும் இலை வேண்டுமானால் அக்லோனிமாவை வையுங்கள்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: லண்டனில் மகளின் தோட்டத்து நிழலில் வெள்ளிப்புள்ளி இலையும், இளஞ்சிவப்பாக மலர்ந்து நீலமாகும் பூவும் கொண்ட ஒரு செடியைக் கண்டேன். கொண்டுவரலாமா?

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பல்மொனேரியாவுக்குப் பொருந்துகின்றன. புள்ளியிட்ட இலை நுரையீரலைப் போலிருப்பதால் ஐரோப்பியர் அதை ஒரு காலத்தில் நெஞ்சுநோய்க்கு மருந்தாகக் கொண்டார்கள். குளிர்நாட்டுச் செடியாகையால் நம் கோடையைத் தாங்காது. ஆசைப்பட்டு வாட விடாதீர்கள்.

திருக்கோவிலிலிருந்து: தவழும் குழந்தை உள்ள வீட்டில் டிபன்பேக்கியா வைக்கலாமா?

கை எட்டும் உயரத்தில் கட்டாயம் வேண்டாம். அதன் சாற்றிலுள்ள ஊசி போன்ற கல்சியம் ஒக்சலேட் படிகங்கள் வாயில் குத்தி, நாக்கையும் தொண்டையையும் வீங்கச் செய்யும். குழந்தை கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். தண்டை வெட்டும்போது பெரியவர்களும் கையுறை அணிய வேண்டும்.