நலமாக இருக்கும்போது எழுதிய விருப்பத்தை மருத்துவர் ஒதுக்கிவிட முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 36. இருதுருவ மனநோய்க்கு (பைபோலார்) ஒன்பது ஆண்டுகளாக மருந்து சாப்பிடுகிறேன். இப்போது நலமாக இருக்கிறேன். சென்ற முறை மருத்துவமனையில் சேர்த்தபோது போட்ட ஹாலோபெரிடால் ஊசியால் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, நாக்கு தடித்து, விடியும்வரை பேச்சு வராமல் கிடந்தேன். மறுபடி நோய் முற்றினால் அந்த ஊசி வேண்டாம், எனக்காக முடிவெடுப்பவர் என் அக்கா என்று எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். "இதெல்லாம் நம் ஊருக்குச் சரிப்பட்டு வராதும்மா, உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் செய்தது சரியா?

பதில்: சரியல்ல. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை வயது வந்த ஒவ்வொருவருக்கும் 5ஆம் பிரிவில் தருகிறது. முன்பு மனநோய் இருந்ததோ சிகிச்சை பெற்றதோ அதற்குத் தடையல்ல. முடிவெடுக்கும் திறனை நீங்கள் இழந்திருக்கும் காலத்துக்கு மட்டுமே இப்படி எழுதிவைக்கும் முன்விருப்ப ஆவணம் செல்லும். திறன் இருக்கும் வரை, எழுதியதைவிட நீங்கள் வாயால் சொல்வதே மேலானது.

முறையாக எழுதப்பட்ட ஆவணத்தின்படி சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. அவர் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் அப்போது 11ஆம் பிரிவின்படி மனநலச் சீராய்வு மன்றத்திடம் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி அல்லது அதற்கு இணையான தகுதியுள்ளவர் தலைமையில் அமையும் அந்த மன்றம் எல்லாத் தரப்பையும் கேட்டு, நீங்கள் சுய விருப்பத்தோடும், போதிய விவரம் அறிந்தும், திறனோடும் எழுதினீர்களா, இப்போதைய சூழலுக்கு அது பொருந்துமா என்று பார்த்தே அதை மாற்றவோ நீக்கவோ முடியும். வெளிநோயாளர் அறை மேசையில் ஒரு நிமிடத்தில் தள்ளுபடி செய்யச் சட்டத்தில் இடமில்லை.

மருத்துவர்கள் தயங்குவதற்கு அவர்கள் பக்கத்திலும் காரணங்கள் உண்டு. எல்லா மருந்தையும் வேண்டாம் என்று எழுதிவிட்டால் என்ன செய்வது, நள்ளிரவில் கொந்தளிப்போடு வருபவரை வைத்துக்கொண்டு தாளைத் தேடுவதா, ஏதாவது ஆகிவிட்டால் உறவினர்கள் வழக்குப் போடமாட்டார்களா என்பவை அவர்களின் அச்சம். சட்டம் இவற்றுக்கு விடை வைத்திருக்கிறது. செல்லத்தக்க ஆவணத்தைப் பின்பற்றியதால் எதிர்பாராமல் நேரும் விளைவுக்கு மருத்துவர் பொறுப்பல்ல என்கிறது 13ஆம் பிரிவு. அவசர நிலையில் 94ஆம் பிரிவு 72 மணி நேரம் வரை சிகிச்சை தர அனுமதிக்கிறது. அவசர சிகிச்சைக்கு முன்விருப்ப ஆவணம் பொருந்தாது என்று கூறும் 9ஆம் பிரிவு, 94ஆம் பிரிவுக்குப் பதிலாக, கைதிகளைப் பற்றிய 103ஆம் பிரிவைச் சுட்டுகிறது. இது வரைவில் நேர்ந்த பிழை, இதைத் திருத்தியாக வேண்டும். ஆனாலும் அவசர வேளையில் உங்கள் ஆவணம் உங்களை முழுமையாகக் காக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

மனநோய் வந்தவருக்குத் தன் நலம் தெரியாது என்ற எண்ணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவரின் முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று ஆகிவிடாது என 4ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த ஊசி உங்கள் உடம்பில் என்ன செய்தது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கணவரின் கையெழுத்தைப் பொறுத்தவரை, 14ஆம் பிரிவின் வரிசையில் முன்விருப்ப ஆவணத்தில் நீங்கள் குறித்தவரே முதலில் வருகிறார். உறவினர் அதற்கு அடுத்துதான். நீங்கள் திறன் இழந்த நிலையில் 89ஆம் பிரிவின்கீழ் உங்களை மருத்துவமனையில் சேர்க்க விண்ணப்பிப்பவரும், சட்டம் நியமனப் பிரதிநிதி என்று அழைக்கும் இவரே என்பதால், இது பெயரளவிலான பதவி அல்ல.

உங்கள் பக்கமும் ஒரு கடமை உண்டு. தேவைப்படும்போது ஆவணம் மருத்துவர் கைக்குக் கிடைக்கச் செய்வது உங்களுடையதும் அக்காவுடையதுமான பொறுப்பு. நகல் தரப்படாவிட்டால், அதைப் பின்பற்றாத மருத்துவர் மீது குற்றம் இல்லை. ஆகவே விதிகளில் உள்ள படிவத்தில் புதிதாக எழுதி, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடும் அக்காவின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடும் சீராய்வு மன்றத்தில் பதிவு செய்யுங்கள். "வேண்டாம்" என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தேதியில் எந்த ஊசிக்குப் பின் கழுத்து இழுத்தது, அதற்கு மாற்றாக எந்த மருந்து ஒத்துக்கொண்டது என்பதையும் எழுதுங்கள். மாற்று வழி தெரிந்தால் மருத்துவரின் அச்சம் பாதி குறையும். நகலை விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) மருத்துவமனைக்கு அனுப்பி, அது சென்று சேர்ந்ததற்கான சான்றை அக்காவிடம் கொடுத்து வையுங்கள். அதன் பிறகும் மறுத்தால், 77ஆம் பிரிவின்கீழ் அக்காவே மன்றத்தில் மனு செய்யலாம். மன்றத்தின் முடிவு பாதகமாக இருந்தால் 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சென்ற முறை வீடு திரும்பியபோது தந்த சிகிச்சைச் சுருக்கம் கையில் இருந்தால், இன்றே ஒரு நகல் எடுத்து ஆவணத்தோடு இணைத்துவிடுங்கள்.